மொட்டை மாடியில் விழுந்த பத்து மாடி

மதுரையில் வெயில் வேண்டும் என்று மனுக் கொடுத்த குடும்பம் எங்களுடையது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெசமாவா?" என்கிறார்கள். நெசம்தான். சித்திரை மாதம், தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற காலத்தில், ஊரே ஒரு மரத்தடி கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தபோது, என் அக்கா ஆட்டோ பிடித்துப் போய், எங்கள் மொட்டை மாடிக்கு வெயில் வருவதில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அந்த மனுவோடு வைத்த புகைப்படத்தை எடுத்தவன் நான். வெயிலை மறைத்த கட்டடத்தை மாதாமாதம் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவனும் நான்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். என் விஷயத்தில் அடித்ததும் நான், அடி வாங்கியதும் நான்.

வீடு வில்லாபுரத்தில், அப்பா கட்டியது. கீழே அக்காவும் அத்தானும், மாடியில் நான். அத்தான் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தூங்குவார், அதனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. எனக்குத் தெருமுனையில் ஒரு ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஜனங்கள் சிரித்தபடி நிற்கிற இடத்துக்கெல்லாம் கேமராவோடு போவேன்.

மொட்டை மாடி மட்டும் அக்காவுடையது. அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். கருக்கலில் எழுந்து பெரிய குண்டானில் ஜவ்வரிசியும் அரிசி மாவும் போட்டுக் கூழ் காய்ச்சி, பச்சைமிளகாய் அரைத்து விட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, ஆறுகிற வரைக்கும் அதனோடு பேசிக்கொண்டிருப்பாள். விடிந்ததும் மாடியில் நனைத்த வேட்டிகளை விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றுவாள். நான்கு வேட்டி, ஐந்து வேட்டி, முகூர்த்த மாதமென்றால் மாடியில் கால் வைக்க இடமிருக்காது. மெஸ்காரர்கள், சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், மளிகைக் கடைக்காரர்கள் எல்லோரும் அக்காவின் வத்தலுக்குக் காத்திருப்பார்கள். எண்ணெயில் போட்டால் பூ மாதிரி விரியும். அதன் ரகசியம் என்னவென்று கேட்கிறவர்களிடம், "ஒரு ரகசியமும் இல்ல, வெயிலு" என்பாள்.

கூழ் வத்தலுக்கு முதல் நாள் வெயில் முழுசாக வேண்டும். காலையில் ஊற்றினால் சாயங்காலம் வேட்டியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரிக்கிற பதத்துக்கு வந்துவிட வேண்டும். பாதி வெயிலில் நின்றுபோனால் ராத்திரியே புளித்த வாடை அடிக்கும். மறுநாள் எத்தனை வெயில் காட்டினாலும் அந்த வாடை போகாது. அக்கா இருபது வருஷமாக அத்தானிடம் கைச்செலவுக்கென்று எதுவும் கேட்டதில்லை. "யார்ட்டயும் போய் நிக்காம இருக்கேன்ல? வெயிலுதான்டா தம்பி என் கைமுதலு" என்பாள். நான் அதைப் பேச்சுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு மேற்கே, தெருவைத் தாண்டினால், ஒரு பழைய பஞ்சு குடோன் இருந்தது. அதை இடித்துத் தகரம் அடைத்தார்கள். தகரத்தின் மேல் ஒரு பெரிய போர்டு வந்தது. பத்து மாடிக் கட்டடம், நீச்சல் குளம், புல்வெளி, அதில் வில்லாபுரத்தில் யாரும் பார்த்திராத வெள்ளைக்கார முகத்தோடு ஒரு குடும்பம் நடந்து போகிறது. தொழில் புத்தி, நான் முதலில் பார்த்தது வெளிச்சத்தைத்தான். படத்தில் மரத்துக்கு நிழல் இருந்தது, சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு நிழல் இருந்தது. பத்து மாடிக்கு மட்டும் நிழலே இல்லை. வரைந்தவன் வேலை தெரியாத பயல் என்று நினைத்தேன். அவன் வேலை தெரிந்தவன்தான் என்று பின்னால் புரிந்தது.

அஸ்திவாரம் தோண்டும்போதே சைட் இன்ஜினியர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, சின்ன வயது. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மொட்டை மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அண்ணே, இத விட நல்ல எடம் இந்தத் தெருவுலயே இல்லண்ணே" என்றார். மாதம் ஒரு படம் வேண்டும். ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில், ஒரே நேரத்தில். எம்புட்டு வளர்ந்திருக்கிறது என்று மெட்ராஸில் இருக்கிற ஹெட் ஆபீஸ் பார்க்க வேண்டுமாம். காலை ஏழரைக்கு எடுத்தால் சூரியன் எனக்கு முதுகுப்பக்கம் இருக்கும், கட்டடத்துக்கு முகம் பூரா வெளிச்சம் கிடைக்கும் என்று நானே யோசனை சொன்னேன். என் புத்திசாலித்தனத்தை இன்ஜினியர் ரொம்பப் பாராட்டினார்.

அக்கா அப்போது வத்தலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏந்தம்பி, அம்புட்டு ஒசரம் கட்டுனா சாயங்கால வெயிலு இங்கிட்டு எப்பிடி வரும்?"

இன்ஜினியர் சிரித்தார். "அக்கா, மதுரையில அவனவன் நெழலுக்கு ஏங்கிக்கிட்டுத் திரியுறான். உங்களுக்கு நாங்க சும்மா தாரோம்க்கா."

நானும் சிரித்தேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "சிரிங்க, சிரிங்க" என்று வத்தலுக்குத் திரும்பிவிட்டாள்.

ஸ்டாண்டின் மூன்று காலும் நிற்க வேண்டிய இடத்தில் மாடித் தளத்தில் சிவப்புப் பெயின்டால் புள்ளி வைத்தேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் அக்கா வேட்டிகளைக் கொஞ்சம் தள்ளி விரிப்பாள், நான் புள்ளிகளின் மேல் ஸ்டாண்டை நிறுத்துவேன். முதலில் பள்ளம். பிறகு பள்ளத்திலிருந்து கம்பிகள் முளைத்தன. பிறகு தூண்கள், தளம், சாரம். ஒவ்வொரு தளம் ஏறும்போதும் ஒரு பூசணிக்காயில் பூதம் வரைந்து கட்டித் தொங்கவிட்டார்கள். ஊர்க்கண் படக்கூடாதாம். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கட்டடம் முகம் கழுவிப் பொட்டு வைத்த மாதிரி நிற்கும். அதன் நிழல் பின்னால், மேற்கே விழுந்துகொண்டிருக்கும். காலை ஏழரைக்கு எங்கள் மாடியில் நிற்கிறவனுக்கு அந்தக் கட்டடத்தின் நிழல் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

சில நாள் சைட்டுக்குள்ளும் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். உச்சி வெயிலில் போய் நின்றேன் ஒரு நாள். சாப்பாட்டு நேரம், கிரேன் நின்றுபோயிருந்தது. வடக்கேயிருந்து வந்த வேலைக்காரர்கள், கிரேனின் நீளக் கை தரையில் போட்டிருந்த ஒல்லியான நிழலில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நிழல் நகர நகர, தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கொஞ்சம் நகர்வார்கள். பேச்சே கிடையாது, பழக்கம். அந்தப் படத்தை வீட்டில் காட்டினேன். அதற்குள் ஏழாவது தளம் முடிந்திருந்தது, எங்கள் மாடிக்கு மூன்று மணிக்கெல்லாம் இருட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தது. அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவுகள நம்ம மாடிக்கு வரச் சொல்லுடா. அம்புட்டு நெழலு இங்கன சும்மா கெடக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே இன்ஜினியரிடம் போய்ச் சண்டை போட்டேன். "என்னய்யா இது, மனுசன் பொழைக்க வேணாமா?" என்று கத்தினேன். அவர் பாவம், கையைப் பிசைந்தார். "அண்ணே, ரோட்டுக்கு விட வேண்டிய எடத்த விட்டுத்தான் கட்டுறோம். எல்லாப் பர்மிசனும் இருக்கு. பிளேன் எறங்குற பாதைக்கு இடிக்குமான்னு கேட்டுக்கூட எழுதி வாங்கிருக்கோம்ணே."

"பிளேனுக்கு இடிக்குமான்னு கேட்டீக. வத்தலுக்கு இடிக்குமான்னு எவன்ட்ட கேட்டீக?"

"எங்க ஆத்தாவும் களத்துல கடல காயப்போடுறவகதாண்ணே. எனக்குத் தெரியாதா? ஆனா சூரியன் அங்கிட்டு இருந்து வாரதுக்கு நான் என்னண்ணே செய்ய?"

இனிமேல் படம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்காவிடம் அதை வீராப்பாகச் சொன்னேன். அவள் குண்டானைக் கழுவிக்கொண்டே, "நீ படம் எடுக்காட்டி கட்டடம் வளராதாக்கும்?" என்றாள். அடுத்த மாதத்து முதல் திங்கட்கிழமை காலை வேட்டிகளைத் தள்ளி விரித்துவிட்டு என்னை எழுப்பினாள். போய்ப் படம் எடுத்தேன். வேறென்ன செய்வது?

பத்தாவது தளம் போட்டபோது நிழல் இரண்டே காலுக்கெல்லாம் எங்கள் கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டது. நன்றாக வெயில் அடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று மேற்கு ஓரத்து வேட்டி சாம்பல் நிறமாகும். பிறகு அடுத்தது. அக்கா கிழக்கு ஓரமாக வேட்டிகளை இழுப்பாள், நிழலும் பின்னாலேயே வரும். கடைசியில் கிழக்குச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்பாள், கையில் காக்கா விரட்டுகிற கறுப்புக் குடையோடு. தெருவில் எல்லோருக்கும் கொண்டாட்டம். பையன்கள் மத்தியானத்திலேயே கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை வெளியே போட்டார். பக்கத்து வீட்டு அம்மா, "கட்டடம் வந்தாலும் வந்துச்சு, வீடு குளுகுளுன்னு இருக்கு" என்று அக்காவிடமே சொன்னாள். உண்மையைச் சொன்னால், மாடி ரூமில் எனக்கும் வாழ்நாளில் முதல்முறையாகப் பகலில் நல்ல தூக்கம் வந்தது. அதை அக்காவிடம் சொல்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

அந்தச் சித்திரையில்தான் ஒரு சமையல் கான்ட்ராக்டர் வத்தல் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். கோபமெல்லாம் படவில்லை. "அக்கா, லேசா புளிச்ச வாடை வருதுக்கா" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு அக்கா ஒரு வத்தலை எடுத்து மோந்து பார்த்தாள். என்னிடமும் நீட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம்தான், "மனுக் குடுப்போம். நீ படம் எடுத்துக் குடு" என்றாள்.

இதுவரைக்கும் கட்டடத்தை எடுத்த அதே புள்ளிகளில் ஸ்டாண்டை நிறுத்தி, இந்த முறை மத்தியானம் மூன்று மணிக்கு எடுத்தேன். பின்னால் பத்து மாடி, முன்னால் இருட்டில் கிடக்கும் வேட்டிகள், நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்கா. கேமராவின் சின்னத் திரையில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். இதைப் பார்த்து எந்த அதிகாரிக்கும் மனசு இளகும் என்று நினைத்தேன். பெரிய சைஸில் பிரின்ட் போடச் சொல்லி, நான் வழக்கமாகக் கொடுக்கிற லேபுக்கு அனுப்பினேன். அவர்கள் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்ததை அப்படியே மனுவோடு வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், மனு வாங்குகிற அலுவலகம் ஒன்று. வரிசையில் பட்டா கேட்டு வந்தவர்கள், பென்ஷன் நின்றுபோனவர்கள், தண்ணீர் வராத தெருக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பின்னால் நின்ற பெரியவர், "உங்களுக்கு என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டார். அக்கா, "வெயிலு வரலய்யா" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூட வேர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், முந்தானையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

அதிகாரி நல்ல மனிதர்தான். மனுவைப் பொறுமையாகப் படித்தார். கவரைப் பிரித்துப் படத்தை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நல்லா பளிச்சுனு இருக்கேம்மா. எங்க நெழலு?"

எட்டிப் பார்த்தேன். எங்கள் மொட்டை மாடியில் தகதகவென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வத்தல் ஒவ்வொன்றும் முத்து மாதிரி மின்னியது. அக்காவின் முகம் அவள் கல்யாணத்தன்று பவுடர் பூசியபோதுகூட இல்லாத நிறத்தில் இருந்தது. அதிகாரி படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானாம்மா?" என்று கேட்டார்.

வெளியே ஓடிவந்து லேபுக்குப் போன் போட்டேன். லேபில் எனக்கு வேலை செய்து கொடுப்பவன் பல வருஷப் பழக்கம், அவனை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற அளவுக்கு. கல்யாணப் படம் எதைக் கொடுத்தாலும் பெண்ணை ஒரு சுற்று வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தை எடுத்து, மண்டபத்து மூலையில் இருக்கிற இருட்டையும் துடைத்துக் கொடுப்பான். அப்படிக் கொடுக்காவிட்டால் பெண் வீட்டுக்காரர்கள் ஆல்பத்தை மூஞ்சியில் எறிவார்கள். இந்தப் படத்தைப் பற்றி அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

"டேய் மாப்ள, என்னடா செஞ்சு தொலைச்ச படத்த?"

"நல்லாருக்காண்ணே? மாடி ஒரே டல்லா கெடந்துச்சு. நம்ம அக்கா படமாச்சேன்னு நானே உக்காந்து நெழல பூராத்தையும் எடுத்துட்டேன். அரை நாளு வேலைண்ணே, வேற ஆளுக்குன்னா செய்ய மாட்டேன்."

அவனை என்ன சொல்லித் திட்டுவது? ஹெட் ஆபீஸும் இன்ஜினியரும் சட்டமும் சேர்ந்து எடுக்க முடியாது என்று சொன்ன நிழலை, உலகத்திலேயே ஒருத்தன் எடுத்துக் காட்டியிருக்கிறான். போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த வாரம் லேபில் கை வைக்காத அசல் படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். அதிகாரி பழைய படத்தைக் கோப்பிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அதே எடம், அதே ஆளு, அதே வத்தலு. ஒண்ணுல வெயிலு அடிக்குது, ஒண்ணுல இருட்டா கெடக்கு. எதும்மா நெசம்?" நான் லேப், கம்ப்யூட்டர், மாப்பிள்ளை என்று என்னென்னவோ விளக்கினேன். பேசப் பேச எனக்கே நான் பொய் சொல்வது போல இருந்தது. "கம்ப்யூட்டர்ல வெளுப்பாக்கலாம்னா கருப்பாவும் ஆக்கலாம்ல சார்?" என்று அவர் என்னைக் கேட்டார். போட்டோகிராபர் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். இருந்தாலும் மனிதர், நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

அனுப்பவும் செய்தார். வந்தவர் காலை பதினொரு மணிக்கு வந்தார். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு மாடியில் நின்றார். தளம் கொதித்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வந்த பாவத்துக்குக் காலை மாற்றி மாற்றி வைத்தார். அக்கா பெரிய செம்பில் மோர் கொடுத்தாள்.

"இதுக்கு மேல என்னம்மா வெயிலு வேணும் உங்களுக்கு?"

"சார், ரெண்டே காலு வரைக்கும் இருங்க சார். உங்க கண்ணாலயே பாக்கலாம்."

"அதுவரைக்கும் இங்கன நிக்கவாம்மா? மண்ட பொளக்குது!"

மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கட்டடம் விதிப்படி இடம் விட்டுக் கட்டப்பட்டிருப்பதாகவும், மனுதாரர் மாடியில் போதுமான வெயில் இருப்பதாகவும் பதில் வந்தது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா அத்தோடு விடவில்லை. விளாங்குடியில் எங்கள் சித்தி மகள் வீடு இருக்கிறது, பெரிய மொட்டை மாடி. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, விடியற்காலையில், கூழ்க் குண்டானை மூடி போட்டுக் கட்டி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். போய்ச் சேர்வதற்குள் கூழ் இறுகிப்போயிற்று. மறுநாள் அங்கேயே போய்க் காய்ச்சினாள். சித்தி மகள் முதல் வாரம் அக்கா அக்கா என்று காப்பி கொடுத்தாள், இரண்டாவது வாரம் மாடிக் கதவுச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். ஒரு நாள் அக்கா வெறுங்குண்டானோடு திரும்பி வந்து அதைக் கவிழ்த்து வைத்தாள். கடைக்காரர்களுக்கெல்லாம் அவளே போன் செய்தாள். "வேற எடத்துல பாத்துக்கங்கப்பா. இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். வெயிலு இல்ல." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சிரிக்காதீக, நெசமாத்தான்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நின்றேன்.

கட்டடம் முடிந்தது. ஜனங்கள் குடிவந்தார்கள். மறு வருஷம் வைகாசியில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள், படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற ஸ்டூடியோ, நல்லாப் பேசுகிற ஆள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போல. அந்த வீட்டு அம்மா நல்ல மாதிரி. அக்காவின் வத்தலைப் பற்றியும் கேள்விப்பட்டு, விருந்துக்குக் கொஞ்சம் வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டார். "இப்பப் போடுறதில்லம்மா" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். விடவில்லை. பாதி வெயிலில், மெல்லிசாக ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் எடுத்து ஒப்பேற்றிக் கொடுத்தாள். விருந்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். நல்ல சேலை உடுத்திக்கொண்டு என்னோடு லிப்டில் ஏறினாள். லிப்ட் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விருந்து முடிந்தது. சாயங்காலம் ஆபீஸ் ஆட்கள் வருவார்கள் என்று என்னை இருக்கச் சொன்னார்கள், அக்காவும் துணைக்கு இருந்தாள். அது மேற்குப் பக்கத்து வீடு. நாலு மணிக்கு ஹாலுக்குள் வெயில் வந்தது பாருங்கள், அப்படி ஒரு வெயில்! புது டைல்ஸில் பட்டுச் சுவரெல்லாம் ஏறியது. வீட்டுக்கார அம்மா முகத்தைச் சுளித்தார்.

"இதுதாண்ணே இந்த வீட்ல ஒரே கொறை. மத்தியானம் ஆனாப் போதும், அம்புட்டு வெயிலும் இங்கதான் வருது. இத என்ன செய்றதுன்னே தெரியல. அதான் கர்ட்டன் போட்ருக்கு. கர்ட்டனு தெரியுற மாதிரி எங்கள ஒரு படம் எடுங்கண்ணே, ஊருக்கு அனுப்பணும்."

அக்கா அதற்குள் கண்ணாடிக் கதவைத் தாண்டி பால்கனிக்குப் போய்விட்டிருந்தாள். தூரத்தில் திருப்பரங்குன்றம் மலை வெயிலில் வெளிறிப்போய்த் தெரிந்தது. அவள் மலையைப் பார்க்கவில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள், வத்தல் பதம் பார்க்க வேட்டியின் மேல் கை வைப்பாளே, அந்த மாதிரி. அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இங்கனதான் இருக்கியா நீ."

வீட்டுக்கார அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவர் திரையை இழுத்து மூடினார். சந்தன நிறத்தில் நல்ல திரை, பூ வேலை செய்தது. குடும்பத்தை அதன் முன்னால் நிற்க வைத்தேன். கேமராவைக் கண்ணில் வைத்தபோது, திரையின் நட்ட நடுவில், அவர்களுக்குப் பின்னால், கையை நீட்டியபடி அக்காவின் நிழல் கருப்பாக விழுந்திருந்தது. வீட்டுக்கார அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அய்ய, கர்ட்டன்ல நெழலு விழுதேண்ணே. அவங்கள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்களேன்."

அக்காவைக் கூப்பிட வாயெடுத்தவன், கேமராவை மறுபடி கண்ணில் வைத்தேன்.

"விழட்டும்மா" என்றேன். அப்படியே எடுத்தேன்.